வலது அடுப்பு

காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பேன். கதவுப் பிடியில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துக் கழுவி, மூலையை வெட்டி, சின்னப் பாத்திரத்தில் ஊற்றி வலது அடுப்பில் வைப்பேன். பொங்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன். அந்த நேரத்தில் வேறு எந்த வேலையும் செய்வதில்லை. பால் எழும்பும்போது அணைப்பேன். காபி கலந்து நின்றபடியே குடிப்பேன். டம்ளரையும் பாத்திரத்தையும் கழுவி வலது அலமாரியில் கவிழ்ப்பேன். குளியலறையில் துண்டு போடும் கம்பிகள் இரண்டு உண்டு. கதவுப் பக்கம் இருப்பது என்னுடையது. குளித்து, உடுத்தி, வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவேன்.

இடது அடுப்பை நான் பற்றவைப்பதில்லை. அது என் மனைவியுடையது. மேடையில் இருக்கும் இரண்டு உப்பு ஜாடிகளில் மஞ்சள் மூடி போட்டதும் அவளுடையதுதான். அவள் இறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர் அந்த இரண்டு ஜாடிகளைப் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். நாங்கள் விவாகரத்துக்கு மனுப் போட்டிருந்தோம். அது முடிவதற்குள் அவள் போய்விட்டாள். ஆகவே சட்டப்படி நான் விவாகரத்து ஆனவன் இல்லை. மனைவியை இழந்தவன்.

வக்கீலம்மாவின் அலுவலகம் ஒரு பேக்கரிக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. முதன்முதலில் போனபோது படியேறும்போதே ரொட்டி வாசனை மூக்கில் ஏறியது.

“பிரியறதுக்கு வர்றவங்களுக்குப் பசியையும் சேத்துக் கிளப்பி விடறாங்க” என்றாள் மனைவி.

வக்கீலம்மா தலையில் கண்ணாடியை ஏற்றிவைத்துக்கொண்டு மேசை முழுக்க அதையே தேடிக்கொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, தேடியபடியே அவளிடம் கேட்டார்.

“அடிக்கறாரா?”

“இல்ல.”

“குடி?”

“காபி.”

“வேற யாராவது?” இப்போது எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அதுக்கெல்லாம் ரெண்டு பேருக்கும் சோம்பல், மேடம்.”

“அப்ப என்னதாம்மா பிரச்சன?”

“ஒரு வார்த்த சொன்னா, அத எடை போட்டுப் பாத்துட்டுதான் பதில் சொல்வான். அதுக்குள்ள நான் என்ன சொன்னேன்னே எனக்கு மறந்துடும்.”

வக்கீலம்மா என் பக்கம் திரும்பினார். என்ன சொல்வது என்று நான் யோசித்தேன்.

“பாத்தீங்களா?” என்றாள் மனைவி.

என் வேலையே எடைதான். கடைகளிலும் மருந்தகங்களிலும் இருக்கும் தராசுகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் நிறுவனத்தில் இருக்கிறேன். அவள் எனக்கு வைத்த பெயர் கிராம். கல்யாணமான புதிதில் செல்லமாகக் கூப்பிட்டாள். பிறகு அலுப்பாகக் கூப்பிட்டாள். அவள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்பவள். நாள் முழுக்க நோயாளிகளிடம் பேசிப் பேசி நடக்கவைப்பாள். வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இருக்காது. நான் இருப்பேன்.

எங்களுக்குள் பெரிய சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. பேச்சு தேய்ந்து தேய்ந்து, கரண்ட் பில் கட்டியாச்சா என்பதில் வந்து நின்றிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னாள், “இப்படியே வயசாயிடுமோன்னு பயமா இருக்கு.” நான் யோசித்துவிட்டு, “எனக்கும்” என்றேன். அதிலிருந்துதான் வக்கீல் வரை வந்தோம்.

“ரெண்டு வழி இருக்கு” என்றார் வக்கீலம்மா. “ஒண்ணு, சண்ட போட்டு வாங்கறது. ஒருத்தர் மனு போடணும், இன்னொருத்தர் பதில் போடணும். சாட்சி, குறுக்கு விசாரணை, வாய்தாவுக்கு மேல வாய்தா. வருஷக்கணக்கா இழுக்கும். ரெண்டு வக்கீல், ரெண்டு ஃபீஸ். ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போடணும். டாக்ஸி மீட்டர் மாதிரி, வண்டி நின்னாலும் காசு ஓடும்.”

“இன்னொண்ணு?” என்றேன்.

“ஒத்துப்போய்ப் பிரியறது.”

“ஒத்துப்போனா எதுக்கு மேடம் பிரியணும்?” என்றாள் மனைவி.

வக்கீலம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “ரெண்டு பேரும் சேந்து ஒரே மனு. ஒரே வக்கீல் போதும், செலவு பாதி. ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க, நான் ரெண்டு பேருக்கும் பொது. நடுவுல தகராறு வந்தா யார் பக்கமும் நிக்க மாட்டேன், விலகிடுவேன். கோர்ட்டுக் கட்டணம் ஒண்ணும் பெரிசில்ல. கீழ பேக்கரில ரெண்டு கேக் வாங்கற காசு. மத்தது என் ஃபீஸ், டைப்பிங், நோட்டரி கையெழுத்து, நகல்.”

மொத்தத்தையும் ஒரு தாளில் எழுதி எங்கள் பக்கம் தள்ளினார். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு என் காதோடு சொன்னாள், “நம்ம கல்யாண ஆல்பம் இதவிட ஜாஸ்தி.”

குழந்தை இல்லை. சொந்த வீடு இல்லை. ஜீவனாம்சம் வேண்டுமா என்றதற்கு, “ஃப்ரிட்ஜ் மட்டும் வேணும்” என்றாள். நான் தலையாட்டினேன். எளிமையான வழக்கு என்று வக்கீலம்மாவின் முகம் தெளிந்தது. மனுவை எடுத்துக்கொண்டதும் நீதிபதி ஒரு தடவை கூப்பிட்டு விசாரிப்பார். அதன்பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

“அந்த ஆறு மாசம் எதுக்கு?” என்றாள் மனைவி.

“மனசு மாறுதான்னு பாக்க. அதுக்கப்புறம் ரெண்டாவது தடவ கூப்பிடுவாங்க. ரெண்டு பேரையும் தனித்தனியா நிக்கவெச்சு ஒரே ஒரு கேள்விதான். இன்னும் இதே முடிவுலதான் இருக்கீங்களா? ரெண்டு பேரும் ஆமான்னா முடிஞ்சுது. ஒருத்தர் இல்லன்னு சொன்னாலும் போச்சு, மனு அங்கயே தள்ளுபடி.”

“காரணம் சொல்லணுமா?”

“வேணாம். இல்லங்கற ஒரு வார்த்த போதும்.”

கடைசியாக, நாங்கள் எங்கே தனித்தனியாக வசிக்கிறோம் என்று கேட்டார். ஒரே வீடு என்றோம். வாடகை ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருந்தது. இரண்டு இடத்துக்கு வாடகை கொடுக்க எங்களால் முடியாது.

“ஒரே கூரைன்னாலும் பரவால்ல. ஆனா புருஷன் பொண்டாட்டியா வாழக் கூடாது. தனிப் படுக்க, தனிச் சமையல். ஒருத்தருக்கொருத்தர் வேல செஞ்சுக்கக் கூடாது. புரியுதா?”

“உப்பு?” என்றாள் மனைவி.

“என்னம்மா?”

“உப்பு பொதுவா இருக்கலாமா?”

வக்கீலம்மா மறுபடியும் கண்ணாடியைத் தேட ஆரம்பித்திருந்தார். “எல்லாம் தனித்தனிதாம்மா” என்றார் குனிந்தபடி.

சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஜாதி நாங்கள் இருவரும். என் தொழிலில் விதியை விட்டு நூலளவு விலகினாலும் சான்றிதழ் செல்லாது. அவள் தொழிலில் பத்து முறை முழங்காலை மடக்கு என்றால் பத்து முறை. இந்த ஒரு விஷயத்தில்தான் எங்களுக்குள் பொருத்தம் அப்பழுக்கில்லாமல் இருந்தது. அன்று சாயங்காலமே இரண்டாவது உப்பு ஜாடி வாங்கினோம்.

அவள் அடுப்பின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று தீர்ப்புச் சொன்னாள். “கிராம், நீ வலது கை, வலது அடுப்ப எடுத்துக்க. எனக்கு எடது.” அவள் இடதுகைக்காரி. குளியலறையில் இரண்டாவது துண்டுக் கம்பிக்கு நான் துளை போட்டேன். கம்பி கோணாமல் இருக்க அவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். திடீரென்று கையை எடுத்துவிட்டாள்.

“இது உனக்கு வேல செய்யறதாச்சே?”

“கம்பி உன்னோடது.”

“அப்ப நீதான் எனக்கு வேல செய்யற. நிறுத்து.”

நான் நிறுத்தினேன். கம்பி ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது. பிறகு, “சரி, இது மட்டும்” என்று மறுபடி பிடித்துக்கொண்டாள்.

இப்படித்தான் போயிற்று. ஃப்ரிட்ஜில் மேல் தட்டு என்னுடையது, கீழ்த் தட்டு அவளுடையது. நான் கூடத்தில் படுத்தேன். முதல் விசாரணைக்கு அவள் ஒரு பஸ்ஸில் போனாள், நான் அதற்கு அடுத்த பஸ்ஸில் போனேன். நீதிமன்ற வாசலில் ஒருவரை ஒருவர் பார்த்ததும், தெரிந்தவர்களைப் பார்த்ததுபோலத் தலையசைத்துக்கொண்டோம். வக்கீலம்மாவின் குமாஸ்தா எங்களை உள்ளே அழைத்துப் போனார். எதைக் கேட்டாலும் வாய்தா தேதியைச் சொல்கிற மனிதர். மனைவி அவருக்கு வாய்தா என்றே பெயர் வைத்துவிட்டாள். அவருக்கும் அது தெரியும். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

காத்திருப்பு தொடங்கிய புதிதில் ஒரு நாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அவள் சமையலறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள்.

“கிராம், உன் பால் பொங்குது” என்று குரல் மட்டும் வந்தது.

சோப்பு நுரையோடு ஓடிவந்தேன். மேடையெல்லாம் பால் வழிந்து, தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் காலை மட்டும் நகர்த்திவைத்துக்கொண்டிருந்தாள்.

“அணைக்கக் கூடாதா?”

“உன் அடுப்பு. வக்கீலம்மா என்ன சொல்லியிருக்காங்க?”

நான் துடைத்தேன். அவள் பேப்பரைப் பிடித்திருந்த கை குலுங்கியது. சிரிக்கிறாள் என்று சற்றுக் கழித்துதான் புரிந்தது. அடுத்த வாரம் அவள் அடுப்பில் வைத்திருந்தது அடிப்பிடித்துக் கருகியது. நானும் வாசனையை அறிவித்ததோடு சரி. “ராட்சசா” என்றாள். நெடுநாள் கழித்து அவள் எனக்கு வைத்த புதுப் பெயர் அது.

யோசித்துப் பார்த்தால் அந்த மாதங்களில்தான் நாங்கள் அதிகம் பேசினோம். எல்லாம் சட்டம் பற்றி. அவள் ஜன்னலைத் திறந்தால் வருகிற காற்றை நான் வாங்கலாமா? என் குடையில் அவள் ஒதுங்கினால் அது குடும்பம் நடத்துவதாகுமா? “கேட்டுச் சொல்லு” என்பாள். “நீயே கேளு, பொது வக்கீல்தானே” என்பேன்.

ஆறு மாதம் முடியப்போகும் சமயத்தில் ஒரு நாள் அவள் ஆஸ்பத்திரியில், இடுப்பெலும்பு முறிந்து தேறிவந்த ஒரு பெரியவரை நடக்கப் பழக்கிக்கொண்டிருந்தாள். பாதி வழியில் சரிந்து விழுந்தாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினாராம். நான் ஒரு மருந்தகத்தில் தராசு பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆஸ்பத்திரிக் கவுண்டரில், “நீங்க யாரு?” என்றார்கள். “புருஷன்” என்றேன். யோசிக்காமல் வந்த பதில். கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அவளுக்கு நினைவு திரும்பவே இல்லை.

அவளுடைய அம்மாவுக்கு மனுவைப் பற்றித் தெரியாது. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அத்தை ஒன்றைச் சொன்னார். சாகும்முன் மகள் நர்ஸிடம், அவர தனியா விட்டுடாதீங்க என்று சொன்னாளாம். ஆள் மாற மாற அந்த வாக்கியம் வளர்ந்தது. கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதாக ஆகிவிட்டது. தப்பாகக் காட்டும் தராசைத் திருத்துவது என் தொழில். இதை நான் திருத்தவில்லை.

பிறகு ஒரு நாள் வாய்தா போன் செய்தார்.

“சார், வர்ற செவ்வாக்கெழம ரெண்டாவது விசாரண. ரெண்டு பேரும் ஒரிஜினல் அடையாள அட்டையோட வந்துடுங்க. உங்க மேடம் போன் எடுக்க மாட்டேங்கறாங்க.”

சொன்னேன்.

“ஐயோ, போன மாசம்தானே சார் இங்க வந்துட்டுப் போனாங்க” என்றார்.

“எங்க?”

“நம்ம ஆபீசுக்குத்தான். தனியா வந்தாங்க. வக்கீலம்மாகூடப் பேசிட்டு, போகும்போது எனக்கு பன் வாங்கிக் குடுத்துட்டுப் போனாங்களே.”

அவள் என்னிடம் சொல்லவில்லை. அன்று நான் சோதித்த தராசு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எடை காட்டியது. மின்விசிறியை நிறுத்த மறந்திருக்கிறேன். காற்று பட்டால் தட்டு நிலைகொள்ளாது. அது பாலபாடம்.

அதுவரை எனக்கு எந்த யோசனையும் இருக்கவில்லை. போனை வைத்த பிறகு ஒரே ஒரு விஷயம் வந்து உட்கார்ந்துகொண்டது. செவ்வாய்க்கிழமை நீதிபதி கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்? ஆமாம் என்றால் நான் அவள் விட்டுப்போக இருந்த மனிதன். இல்லை என்றால் நான் அவள் புருஷன். இரண்டில் எது என்று தெரியாமல் யாருக்காக, யாராக இருந்து துக்கப்படுவது என்று எனக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அக்கா துணிமணிகளை எடுத்துவைக்க வந்தார். மனுவைப் பற்றி அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அலமாரியைத் திறந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மூடினார்.

“இன்னொரு நாள் வரேன் தம்பி. இன்னிக்கு முடியல.”

“அக்கா, அவ உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா? கேஸப் பத்தி.”

“அவ மாறிட்டா. கோர்ட்ல வேணாம்னுதான் சொல்லியிருப்பா.”

“சொன்னாளா?”

“வாயத் திறந்து சொன்னாத்தானா? எனக்குத் தெரியாதா என் தங்கச்சிய?”

“அப்ப சொல்லல.”

“உங்களுக்கு எல்லாத்துக்கும் சீல் குத்தின சர்டிபிகேட் வேணும் தம்பி. அவ சொல்றது சரியாத்தான் இருக்கு.” சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இருங்க, காபி போடறேன்.”

சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை இடது அடுப்பில் வைத்தார். நான் வாசலில் நின்றேன்.

“அக்கா, அது அவ அடுப்பு.”

அக்கா என்னைப் பார்த்தார். மேடையில் இருந்த இரண்டு உப்பு ஜாடிகளைப் பார்த்தார்.

“தம்பி, அவ இல்ல.”

“தெரியும்க்கா.”

பாத்திரத்தை வலது அடுப்புக்கு மாற்றினார். செவ்வாய்க்கிழமை தானும் கூட வருவதாகக் காபி குடிக்கும்போது சொன்னார்.

மறுநாள் வேலை முடிந்ததும் வக்கீலம்மாவைப் பார்க்கப் போனேன். இறப்புச் சான்றிதழைக் கொடுத்தேன். அதை வாங்கிப் படிக்காமலே கவிழ்த்து வைத்தார். இனி நடக்கப்போவதைச் சொன்னார். மனு இருவருடையது. ஒருவர் இல்லாவிட்டால் அதற்கு உயிர் இல்லை. நீதிபதியிடம் தெரிவித்தால் முடித்துவைத்துவிடுவார். இதற்கு ஃபீஸ் எதுவும் வேண்டாம்.

“அவ தனியா வந்தாளாமே” என்றேன். “எதுக்கு வந்தா?”

வக்கீலம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “ரெண்டு பேருக்கும் பொதுன்னு சொன்னவ நான். ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர்கிட்ட சொல்லலாமான்னு எனக்கே தெரியல. சரி, அவ ரகசியமா ஒண்ணும் கேக்கல. விசாரண அன்னிக்கு ஒருத்தர் இல்லன்னு சொல்லிட்டா, பின்னாடி வேணும்னா மறுபடி மொதல்லேருந்து வரணுமா, மறுபடி செலவான்னு கேட்டா. ஆமான்னேன்.”

“அப்ப இல்லன்னு சொல்ல நெனச்சாளா?”

“அப்படி எடுத்துக்க முடியாதுப்பா. வர்றவங்க எல்லாருமே கேக்கறதுதான் இது. மனசு மாறினவங்களும் கேப்பாங்க, மாறாதவங்களும் கேப்பாங்க. எதிராளி மாறிட்டா என்ன பண்றதுன்னு பயந்தும் கேப்பாங்க.”

“வேற ஒண்ணும் கேக்கலயா?”

“போறப்ப கதவுகிட்ட நின்னு இன்னொண்ணு கேட்டா. அன்னிக்குக் கோர்ட்டுக்கு ரெண்டு பேரும் ஒரே வண்டில வரலாமா, அதுல சட்டச் சிக்கல் ஏதாவது இருக்கான்னு. நான் சிரிச்சுட்டேன்.”

“அவ சிரிச்சாளா?”

“இல்ல. பதிலுக்குக் காத்துக்கிட்டு நின்னா. தாராளமா வாங்க, வண்டிக் காசாவது மிச்சம்னேன். எதுக்கு அப்படியொரு சந்தேகம் அந்தப் பொண்ணுக்கு?”

இரண்டு உப்பு ஜாடிகளைப் பற்றிச் சொன்னேன். அடுப்பு, கம்பி, ஃப்ரிட்ஜ் தட்டு, இரண்டு பஸ், எல்லாவற்றையும் சொன்னேன். வக்கீலம்மா முதலில் சிரிக்கப் போனார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“அடக் கடவுளே. கோர்ட்லேருந்து யாரும் உங்க அடுப்படிய வந்து பாக்க மாட்டாங்களே. அது மனுல எழுதற ஒரு வரிப்பா. எல்லார் மனுலயும் அதே வரிதான். பழைய மனுலேருந்து எடுத்து அப்படியே போடறது. ஒரு சந்தேகம்னா எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?”

“சொன்னீங்க. செஞ்சோம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அப்புறம் அதை எடுக்கவில்லை. கீழே இறங்கியபோது பேக்கரியில் அப்போதுதான் எடுத்த ரொட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பசித்தது. வாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அக்காவும் நானும் ஒரே டாக்ஸியில் போனோம். நீதிமன்ற நடைபாதையில் பெஞ்சுகள் எல்லாம் நிறைந்திருந்தன. ஒரு பெஞ்சின் இரண்டு முனைகளிலும் ஒரு கணவனும் மனைவியும், நடுவில் அவர்களுடைய பைகள். கதவருகே ஊழியர் வந்து நின்று எங்கள் வழக்கு எண்ணைச் சொன்னார். என் பெயரைக் கூப்பிட்டார். அடுத்து அவள் பெயரைக் கூப்பிட்டார். யாரும் எழுந்து வராததால், நடைபாதையின் கோடி வரை கேட்கும்படி இன்னொரு முறை கூப்பிட்டார். மூன்று முறை கூப்பிட வேண்டும் என்பது அங்கே முறை. வாய்தா ஓடிப்போய் அவர் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். அவர் வாயை மூடிக்கொண்டார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

நீதிபதிக்கு ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி வழக்குக் கட்டைப் புரட்டினார். “இன்னொருத்தர் எங்க?” என்றார். வக்கீலம்மா எழுந்து சான்றிதழை நீட்டினார். நீதிபதி படித்தார். கைக்குட்டையைக் கீழே வைத்தார். மனு இத்துடன் முடிந்ததாக எழுதிக்கொள்ளும்படி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவ்வளவுதான். அடுத்த கட்டை எடுக்கக் கை நீட்டியவர், நான் இன்னும் நிற்பதைப் பார்த்தார்.

“ஏதாவது சொல்லணுமா?”

“அந்தக் கேள்விய எங்கிட்ட கேக்கலயே” என்றேன்.

வக்கீலம்மா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். நீதிபதி அவரைப் பார்த்து, விடுங்கள் என்பதுபோல் கையை அசைத்தார்.

“அதக் கேக்க ரெண்டு பேர் வேணும்ப்பா” என்றார். குரல் தணிந்திருந்தது. “நீங்க போகலாம்.”

என் பதிலை நான் தயாராக வைத்திருந்தேன். முதல்முறையாக, கேட்பதற்கு முன்பே. இல்லை என்கிற ஒரு வார்த்தைதான். கொண்டுபோனதை அப்படியே எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

திரும்பும்போது டாக்ஸி நெரிசலில் மாட்டிக்கொண்டது. மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கைப்பையின் வாரைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

“தம்பி, ஒண்ணு கேட்டா தப்பா நெனக்க மாட்டீங்களே?”

“கேளுங்க.”

“அம்மா சொல்லிட்டுத் திரியறத விடுங்க. அது அவங்க மனசுக்கு. அவ விழுந்த அன்னிக்குக் காலைல உங்ககிட்ட கடைசியா என்ன சொன்னா?”

“பெரிசா ஒண்ணும் இல்லக்கா.”

“பெரிசா இல்லாததத்தான் கேக்கறேன்.”

சொன்னேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று பாலை அடுப்பில் வைத்துவிட்டு முகம் மழிக்கப் போனேன். குழாய்ச் சத்தத்தில் மறந்துவிட்டது. ஞாபகம் வந்ததும் முகத்தில் நுரையோடு ஓடிவந்தேன். மேடை சுத்தமாக இருந்தது. வலது அடுப்பு அணைந்திருந்தது. பால் பாத்திரத்தின் விளிம்பு வரை ஏறி அடங்கி, மேலே மெல்லிய ஆடை படியத் தொடங்கியிருந்தது. அவள் தோளில் பையை மாட்டிக்கொண்டு, வாசலில் குனிந்து செருப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். என் காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. கதவைத் திறந்தபடி சொன்னாள்:

“உன் பால் பொங்கிச்சு கிராம், நான்தான் அணச்சேன். வக்கீலம்மாகிட்ட போட்டுக் குடுத்துடாத.”